தொண்ணூற்றொரு முடிச்சு

நூறு நாள் குடிக்காமல் இருந்தால் என் மனைவியைத் திருப்பி அனுப்புவதாக அவளுடைய அண்ணன் சொன்னார். ஆனி மாதத்தில், களமருதூரில், அவர் வீட்டு மாட்டுக் கொட்டகை முன்னால் நின்றுகொண்டு சொன்னார். உள்ளே வரச் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. முந்தின மாதம்தான் அவள் காதுத் தோட்டை விற்றுக் குடித்திருந்தேன்.

அவர் கரும்பு வெட்டு மேஸ்திரி. குடிகாரர்களின் சத்தியங்களை நிறையக் கேட்டவர். "உன் பேச்சு எனக்கு வாணாம் மாப்ள. கூட இருந்து பாக்கறவன் எவனாவது வந்து சொல்லட்டும்" என்றார். என்னோடு வந்திருந்த கூட்டாளி உடனே, தான் பார்த்துக்கொள்வதாகவும், தானும் அன்றைக்கே குடியை விடுவதாகவும் சொன்னான். மேஸ்திரிக்கு அது பிடித்துப்போனது. வரப்போகும் வெட்டுக்கு ஒரு செட்டு ஆட்களை நடத்தத் தலையாள் தேடிக்கொண்டிருந்தார். நூறு நாள் தாண்டுகிறவனிடம் அந்தச் செட்டைக் கொடுப்பதாகவும், இரண்டு பேருமே தாண்டினால் தங்கச்சி புருஷனுக்குத்தான் முதலில் என்றும் சொன்னார். நான் செட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை. எனக்கு அவள் வந்தால் போதும்.

கூட்டாளி யாரென்று சொல்ல வேண்டும். கரும்பு வெட்டில் ஜோடியாகத்தான் நிற்க முடியும். ஒருவர் அடியில் வெட்டினால் மற்றவர் கொண்டை சீவிக் கட்ட வேண்டும். பெரும்பாலும் புருஷனும் பெண்சாதியுமாக நிற்பார்கள். எனக்கு நாலு வருஷமாக அவன்தான் ஜோடி. நான் ஆறாம் வகுப்பில் ஓடிப்போனவன். பெங்களூரில் ஓட்டலில் தட்டு கழுவினேன், சேலத்தில் லாரியில் கிளீனராக இருந்தேன், கேரளாவில் கிணறு தோண்டினேன். எங்கேயும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. வடக்கனந்தலில் நாலு வருஷம் கிடந்தேன் என்றால் அதற்குப் பாதிக் காரணம் மனைவி, பாதிக் காரணம் அவன்.

முறையைக் கண்டுபிடித்ததும் அவன்தான். ஆளுக்கு ஒரு சணல் கயிறு. நாங்கள் கரும்பில் காய்ந்த இலையைச் சோகை உரித்துக்கொண்டிருந்த காட்டில் தண்ணீர்த் தொட்டியோடு ஒரு மோட்டார் கொட்டாய் இருந்தது. அதன் சுவரில் இரண்டு ஆணி அடித்து இரண்டையும் தொங்கவிட்டோம். பொழுது சாய்கிற நேரம்தான் சாராயத்துக்குக் கால் போகிற நேரம். அந்த நேரத்தில் தொட்டியில் இறங்கிக் குளிப்பது, குளித்து ஏறி ஒருவன் வாயை ஒருவன் முகர்ந்து பார்ப்பது, அப்புறம் முடிச்சு. அவனவன் கயிற்றில் அவனவன் போடக் கூடாது. என் கயிற்றில் அவன் போட வேண்டும், அவன் கயிற்றில் நான் போட வேண்டும். எனக்கு இடதுகைப் பழக்கம். நான் போடுகிற முடிச்சு அவன் போடுவதற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி நிற்கும். இரண்டு கயிற்றையும் பக்கத்தில் வைத்தால் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும் என்று நாங்களே சிரித்திருக்கிறோம்.

முதல் பத்து நாள் கை நடுங்கியது. சோறு இறங்கவில்லை. ஒருநாள் உரித்த சோகை மேலேயே மயங்கி விழுந்து, கன்னத்தில் கிழித்துக்கொண்டு எழுந்தேன். இருபதாவது நாளுக்கு மேல் நடுக்கம் நின்றது. நாற்பதாவது நாள் வாக்கில் ஒன்றைக் கவனித்தேன். பொழுது சாய்ந்தால் சாராய நினைப்பு வருவதற்கு முன்னால் தொட்டித் தண்ணீரின் நினைப்பு வந்தது. கால் தானாகக் கொட்டாய்ப் பக்கம் திரும்பியது. பழக்கத்தைப் பழக்கத்தால்தான் தள்ள முடியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கால் சொன்னது.

தொண்ணூறாவது முடிச்சு போட்ட மறுநாள், கடுக்காய் மூட்டை ஏற்ற இரண்டு நாள் வேலை என்று ஒரு வியாபாரியின் லாரியில் கல்வராயன் மலைக்குப் போனேன். கயிற்றைக் கொண்டுபோகவில்லை. முடிச்சு போட வேண்டிய கை கீழே இருக்கும்போது கயிறு மட்டும் எதற்கு? திரும்பி வந்ததும் அவனைச் சேர்த்துப் போடச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

மூட்டை ஏற்றி முடிப்பதற்குள் கீழே மறியல் தொடங்கிவிட்டது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலையை மறிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. ரோட்டோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே போட்டுவிட்டார்கள், பஸ் இல்லை, லாரியைப் பார்த்தால் கொளுத்துகிறார்கள் என்று மேலே செய்தி வந்தது. டிரைவர் லாரியை மரத்தடியில் நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டார். நான் நடந்தே இறங்கலாம் என்று கிளம்பினேன். அடிவாரத்தில் போலீஸ் ஆம்பளைகளைக் கண்டால் வேனில் ஏற்றுகிறது என்றார்கள். என் பையில் வெட்டுக்கத்தி இருந்தது. திரும்பிவிட்டேன்.

எங்களைத் தங்கவைத்த மலைக்காரர் நல்ல மனுஷன். சாமைச் சோறும் கீரையும் போட்டார். வீட்டுக்குப் பின்னால் சாராயத்துக்கு ஊறல் போட்டிருந்தார். அந்த வாசனை காலையிலிருந்தே மூக்கில் ஏறும். டிரைவர் முதல் நாளே குடித்தார். எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்கள். வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன். மூன்றாம் நாள் உண்மையைச் சொன்னேன். மலைக்காரர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு நீட்டவும் இல்லை. பொழுது சாய்ந்தால் ஓடையில் இறங்கிக் குளிப்பேன். குளித்து ஏறி உள்ளங்கையில் ஊதி நானே முகர்ந்துகொள்வேன். ஒன்பது நாள் அப்படிப் போனது. என் ஆயுளில் நான் ஒழுங்காகச் செய்த வேலை அந்த ஒன்பது நாள்தான்.

நூறாவது நாள் மாலை வடக்கனந்தல் வந்து சேர்ந்தேன். ஆணியில் என் கயிறு மட்டும் தொங்கியது. போலீஸ் காடு காடாகத் திரிந்ததால் தன் கயிற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டதாகக் கூட்டாளி சொன்னான். என் வாயை முகர்ந்து ஒரு முடிச்சு போட்டான். அவன் கயிறு அங்கே இல்லாததால் நான் அவன் வாயை முகரவில்லை, முடிச்சும் போடவில்லை. மலையில் இருந்த ஒன்பதையும் போடச் சொன்னேன்.

"வாணாம்பா" என்றான். "நான் மோந்து பாக்காத நாளுக்கு எப்பிடிப் போட்றது? மொறைன்னா மொறைதான். மேஸ்திரி கிட்ட நான் எடுத்துச் சொல்றன், வுடு."

எனக்கு வருத்தமாக இருந்தாலும் அவன்மேல் மதிப்புக் கூடியது. இவ்வளவு நேர்மையாக இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

காலையில் மேஸ்திரி வந்தார். கூட்டாளி வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்காரவைத்தோம். இரண்டு கயிற்றையும் மடியில் வைத்து எண்ணினார். அவனுடையது நூறு. என்னுடையது தொண்ணூற்றொன்று. மலையில் மாட்டிக்கொண்டதை நான் சொன்னேன். மேஸ்திரி அவனைப் பார்த்தார். அவன் எடுத்துச் சொல்வான் என்று நானும் பார்த்தேன்.

"தொண்ணூறு நாளு தொடல மேஸ்திரி, அது எனக்குத் தெரியும்" என்றான். "மலையில இன்னா பண்ணாருன்னு நான் எப்பிடிச் சொல்றது?"

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். "மலைக்குப் போயி ஒம்பது நாளு சும்மா இருந்தியா மாப்ள? எருமை குட்டையில எறங்கி மேலு நனையாம வந்துச்சாம்."

அப்போதுதான் அவருடைய மடியில் கிடந்த அவன் கயிற்றைப் பார்த்தேன். தொண்ணூறு முடிச்சு என் இடதுகைப் பக்கமாகத் திரும்பியிருந்தது. கடைசிப் பத்தும் அவன் கைப்பக்கம். நான் போடாத அந்தப் பத்தையும் யார் போட்டது என்று கேட்டேன். தன் பெண்சாதி போட்டாள் என்றான், கண் சிமிட்டாமல். அவள் டீ டம்ளர்களோடு வாசற்படியில் நின்றிருந்தாள். என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவள். மேஸ்திரி அவளைப் பார்த்து, "இன்னாம்மா?" என்றார். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாங்க" என்று சொல்லி உள்ளே போனாள்.

செட்டு அவனுக்குப் போனது. எனக்கு மேஸ்திரி இன்னொரு நூறு நாள் சொன்னார். இந்தத் தடவையும் அவனே பார்த்துச் சொல்லட்டும் என்றார்.

மத்தியானம் கூட்டாளியின் பெண்சாதி கிணற்றடியில் என்னைப் பார்த்தாள். குடத்தை இறக்கவில்லை. "நான் ஒரு முடிச்சும் போடலண்ணா. மறியலுக்கு மரம் அறுக்கப் போன எடத்துல தெனமும் குடிச்சிக்கினுதான் இருந்தாரு. செட்டு கெடைச்சா ஆலைப் பக்கம் போயாவது திருந்துவாருன்னு..." என்றாள். மேஸ்திரியிடம் வந்து சொல் என்று நான் கேட்கவில்லை. சொன்னால் அவள் எந்த வீட்டில் படுப்பாள்?

பொழுது சாய்ந்தது. கால் கொட்டாய்க்குப் போனது. நான் குளித்து ஏறும்போது அவன் வந்தான். அவனுக்கும் கால் பழகியிருந்தது போல. "ஊது" என்றான், ஒன்றும் நடக்காத மாதிரி. நானும் ஊதினேன். முகர்ந்தான். ஒரு வாசனையும் இல்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அப்புறம், முறைப்படி, அவன் வாயைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினான். நான் சட்டையைப் போட்டுக்கொண்டேன். ஆணியிலிருந்து என் கயிற்றை எடுத்தேன். அவன் ஊதவும் இல்லை, நகரவும் இல்லை.

மறுநாள் களமருதூர் போனேன். மேஸ்திரி இல்லாத நேரம். என் மனைவி கொல்லைப் பக்கம் வந்தாள். கயிற்றை வாங்கி ஒவ்வொரு முடிச்சாக விரலால் தடவினாள். மீதி ஒன்பது நாளும் மலையில் சுத்தமாக இருந்தேன் என்றேன். அவன்தான் பொய்யாகப் போட்டுக்கொண்டான் என்றேன்.

"அவரு எதுக்குப் பொய் சொல்லப் போறாரு?" என்றாள். "நாலு வருசமா உன்னைத் தூக்கிக்கினு வந்து வூட்ல போட்டவரு."

அது உண்மை. நான் விழுந்து கிடந்த இடத்திலிருந்தெல்லாம் என்னைத் தூக்கி வந்தவன் அவன்தான். கயிற்றை வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். வெட்டிப்போட்ட புளியமரங்களை ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். இலை இன்னும் முழுதாகக் காயவில்லை. தியாகதுருகம் போகிற பஸ் வந்தது. ஏறினேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர். குடிக்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. யாருக்காக நிறுத்தினேனோ அவள் வரவில்லை, யாரோடு நிறுத்தினேனோ அவன் நிறுத்தவில்லை. பழக்கம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. பொழுது சாய்ந்தால் எந்த ஊரானாலும் தண்ணீர் தேடுகிறேன். குளித்து ஏறி உள்ளங்கையில் ஊதி முகர்கிறேன். அந்தக் கயிற்றால்தான் என் படுக்கையைக் கட்டுகிறேன். முடிச்சுகள் இருப்பதால் வழுக்காமல் பிடிக்கிறது.