அதிபர் கையால் எழுதிய ஒரு வரி

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்ட பிறகு எனக்கு மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றும் என் கைக்கு வருமுன் ஊர் பார்த்த கடிதங்கள். டிக்கோயாவிலிருந்து தோட்டத்துத் தபால் பையில் வருகிறவற்றைப் பின்னேரம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வைத்துத்தான் கொடுப்பார்கள். கூடையை இறக்கிவிட்டு வரிசையில் நிற்கிற அத்தனை பெண்களுக்கும் கேட்கும்படி பெயரைக் கூப்பிடுவார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வருவதெல்லாம் இந்தியாவிலிருந்து உறவுக்காரர் போடும் கடுதாசி. விலாசம் மழையில் கலங்கியிருக்கும். டைப் அடித்த விலாசத்தோடு நீள உறை வந்தது அதுதான் முதல் தடவை.

"சின்னத் தொரைக்குக் காயிதம் வந்திருக்கு, வழி விடுங்கடி!" என்று லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையான காம்பராவில் இருந்த சித்தி சத்தம் போட்டார்.

உறையைக் கிழிக்க மனம் வராமல் ஓரத்தை நனைத்துப் பிரித்தேன். என் விண்ணப்பம் கிடைத்ததாகவும், அது மிகுந்த கவனத்துடன் பரிசீலிக்கப்படுவதாகவும் ஆங்கிலத்தில் இருந்தது. வரிசையில் நின்ற அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் அதைத் தமிழில் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கோ ஒரு கட்டடத்தில், ஒரு மேசையில், யாரோ என்னைக் கவனத்துடன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "யாரு கையிடா போட்டிருக்கு?"

"கையெழுத்து இல்லம்மா. ரப்பர் முத்திரை."

"அப்ப சரி. எடுத்து வையி."

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் துண்டுச் சீட்டுகளைத் தெரியும். கூரைத் தகரம் மாற்றவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் எங்களுக்குத் துண்டு வேண்டும். தோட்ட அலுவலகமான கந்தோரில் முத்திரை குத்திக் கொடுக்கிற துண்டு நாளைக்கே மாறலாம். துரை தன் பேனாவால் ஒரு கோடு இழுத்த துண்டை யாரும் மாற்ற மாட்டார்கள். எங்கள் தோட்டத்தில் மை என்றால் அது நடந்துவிட்ட காரியம்.

அந்த நாட்களில் என் முன்னால் இன்னொரு வழியும் இருந்தது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையில் வேலை பார்த்த அப்பா இறந்துபோயிருந்தார். அவருடைய இடத்தை எனக்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள். மாத முடிவுக்குள் பேர் பதிய வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். கல்லூரி அதற்குள் பதில் சொல்லுமா என்று தெரியாது. ஸ்டோரை விட்டு, கல்லூரியும் கிடைக்காமல் போனால், அம்மாவின் ஒற்றைச் சம்பளத்தில் நான் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான்.

மாத முடிவுக்கு நான்கு நாள் இருக்கும்போது இரண்டாவது கடிதம் வந்தது. டைப் அடித்த நாலு வரிக்குக் கீழே நீல மையில், சாய்ந்த எழுத்தில், கல்லூரி அதிபரே ஒரு வரி எழுதியிருந்தார். விண்ணப்பத்தோடு நான் அனுப்பிய கட்டுரையில், விடியற்காலையில் எங்கள் பீலிக் குழாயடியில் பெண்கள் தண்ணீருக்கு நிற்பதைப் பற்றி எழுதியிருந்தேன். அதை இரண்டு முறை படித்தாராம். நாம் சந்திப்போம் என்று நம்புகிறாராம்.

இரண்டு முறை! எங்கள் பீலியை! அம்மா கடிதத்தை வாங்கித் திருப்பி, கொழுந்துக் கறை ஏறிய பெருவிரலால் அந்த வரியின் பின்பக்கத்தைத் தடவினார். பேனா அழுத்திய தடம் அங்கே தெரிந்தது.

நான் கடிதத்தோடு கந்தோரில் இருந்த பெரிய கிளாக்கரிடம் ஓடினேன். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "நல்ல மனுசன்தான். ஆனா தம்பி, நம்புறன் எண்டுதான் எழுதியிருக்கிறார். இடம் தாறன் எண்டு எழுதேல்லை. ஸ்டோர் இடத்தை விட்டிடாதையும்."

எனக்கும் அது புரிந்தே இருந்தது. ஆனாலும் இரண்டு நாள் அந்த வரியைக் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் வேறு மாதிரியும் படித்தேன். காலையில் அது அழைப்பு. மாலையில் வெறும் அன்பு.

மூன்றாம் நாள் கங்காணி வழியில் என்னை மறித்தார். "என்னப்பா, ஒங்கம்மா வந்து ஸ்டோர் பேரு வேணாம்னுட்டாங்களே? மேல் லயத்துப் பையனுக்குப் பதிஞ்சாச்சு."

மூச்சு வாங்க மலைக்கு ஏறினேன். பனி மூட்டத்தில் அம்மா நிரை பிடித்துக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பண்ணிட்டீங்க? அது முடிவு இல்லம்மா!"

அம்மாவின் கை நிற்கவில்லை. "மையில எழுதியிருக்காருல்ல?"

"சந்திப்போம்னு நம்புறேன்னுதாம்மா எழுதியிருக்காரு. வான்னு எழுதல."

"ரெண்டு தரம் படிச்சாருன்னு நீதானே சொன்ன? வேலையத்தவரா அவரு, வராத புள்ளைக்கு மையத் தொட்டு எழுத?"

"காலேசு இல்லாட்டி என்ன அக்கா, பயலுக்கு ஒரு கூடையக் குடுங்க. நம்ம நெரையில ஒரு ஆளு கொறையுது" என்றார் அடுத்த நிரையில் நின்ற சித்தி. மலையே சிரித்தது. அம்மாவும் சிரித்தார்.

"பாத்து எறங்குடா, வழுக்கும்" என்றார் என்னிடம்.

நான் இறங்கவில்லை. கைக்கு வந்த எதையும் அம்மா ஒருநாளும் விட்டவரல்ல. தேய்ந்த கம்பளியைக்கூட விட மாட்டார். முகம் தெரியாத ஒருவரின் ஒரு வரிக்காக அப்பாவின் இடத்தைக் கொடுத்துவிட்டு, அதே வேகத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. கோயிலில் திரை விலகும்போது வருமே, அந்தப் பயம்.

அதன்பின் ஐந்து வாரம் ஒவ்வொரு பின்னேரமும் மடுவத்தில் நின்றேன். எனக்கு ஒன்றுமில்லாமலே தினமும் பை காலியாவதைப் பார்த்துச் சித்திகூடக் கேலி செய்வதை விட்டுவிட்டார். ஆறாவது வாரம் மூன்றாவது கடிதம் வந்தது. இரண்டே வரி. நான் தெரிவு செய்யப்பட்டிருக்கிறேன். கீழே யாரோ ஒரு அலுவலக எழுதுநரின் முத்திரை.

நான் அழுதுகொண்டே சொன்னேன். அம்மா முத்திரையைப் பார்த்துவிட்டு, "இவரு யாரு புதுசா? அவருதான் அன்னைக்கே சொல்லிட்டாரே" என்றார்.

கல்லூரி விடுதியில் முதல் நாள் மாலை, என் அறைக்கு வந்த இறம்பொடைத் தோட்டத்துப் பையனிடம் அதிபரின் அந்த இரண்டாவது கடிதத்தைப் பெருமையாகக் காட்டினேன். அவன் பெட்டியைத் திறந்து தன்னுடையதை எடுத்தான். அதே நீல மை, அதே சாய்ந்த எழுத்து. ஆனால் வேறு வரி. அவன் தன் கட்டுரையில் எழுதியிருந்த மாட்டு வண்டியைப் பற்றியது. விண்ணப்பித்த எத்தனை பேருக்கு அந்த மனிதர் இப்படி உட்கார்ந்து, ஒவ்வொருவர் கட்டுரையையும் படித்து, ஒவ்வொரு வரி எழுதியிருப்பார் என்று நினைத்து வியந்து நின்றேன்.

"எங்க தோட்டத்துல என்னோட படிச்சவனுக்கும் வந்துச்சு. சந்திப்போம்னு நம்புறேன்னுதான் அவனுக்கும் எழுதியிருந்தாரு" என்றான்.

"அவன் எந்த அறை?"

"அவனுக்கு எடம் கெடைக்கல."

இடம் கிடைக்காத அந்தப் பையனின் அம்மாவும் அந்தக் கடிதத்தைத் தடவிப் பார்த்தாரா, பிறகு என்ன செய்தார் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கத் துணிவு வரவில்லை. நான் ஆசிரியனாகி இரண்டு வருடமாகிறது, இன்னும் கேட்கவில்லை.