லென்ஸுக்கு வைத்த பொட்டு

கேமரா லென்ஸின் ரப்பர் பட்டையை நகத்தால் நெம்பி உருவியதும் வந்த நாற்றத்தில் தேவயானிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பழைய சந்தனமும் சிக்குப்பிடித்த தேங்காயெண்ணெயும் கைவியர்வையும் ஊறிப்போன நாற்றம். லென்ஸின் ஜூம் வளையத்தைச் சுற்றி, செருப்படியில் அப்பிய சேறு போல ஒரு பசை. அதில் திட்டுத்திட்டாகக் குங்குமம். நடுவே யாருடையதோ ஒரு நரைமுடி.

"அக்கா, இங்க பாரேன்."

பூ கட்டிக்கொண்டிருந்த பரிமளா எட்டிப் பார்த்து முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். ஸ்டுடியோ முதலாளி மோகன்குமாரின் மனைவி அவள். "ச்சீ, மூடுடி! நல்ல நாளும் அதுவுமா இன்னாத்த நோண்டிக்கினு கீற?"

ஆயுத பூஜை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அந்த ஸ்டுடியோவில் எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டிருந்தார்கள். லென்ஸை மேலாகத் துடைத்து வைத்திருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஐப்பசியில் மாகறலில் ஒரு கல்யாணம். பெண்தான் படமெடுக்க வேண்டும் என்று பெண் வீட்டார் சொன்னதால், அங்கே வேலை பார்க்கும் தேவயானி முதன்முறையாகத் தனியாகப் போகப்போகிறாள். திருப்புட்குழி வளைகாப்பில் இந்த வளையம் இறுகி நின்றுவிட, அவள் மல்லுக்கட்டி முடிப்பதற்குள் வளையல் போட்டாகிவிட்டது. படத்தில் விழுந்ததெல்லாம் யார் யாருடைய முழங்கைகளோ. இன்னொரு தரம் அப்படி ஆனால் ஜெராக்ஸ் மெஷினோடு நிற்க வேண்டியதுதான் என்று மோகன்குமார் சொல்லிவிட்டார்.

மெடிக்கலில் வாங்கிய ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, பல்குத்தும் குச்சியால் இடுக்கு இடுக்காகச் சுரண்டினாள். ஒவ்வொரு வருஷமும் மோகன்குமார் வைத்த பொட்டு ஒவ்வொரு படலமாக உரிந்து வந்தது. லென்ஸுக்கு நெற்றி எது என்று அவருக்குத் தெரியாது. ஜூம் வளையத்தையே நெற்றியாக்கிவிட்டார். இறுகுகிறது என்றபோது, "சைக்கிள் செயினுக்கு வுட்றா மாரி ரெண்டு சொட்டு தேங்காண்ண வுடு" என்றதும் அவர்தான். விட்டது அவள். நாற்று நடும் அம்முலுவின் மகள், அந்த வீட்டின் முதல் பட்டதாரி, தேர்வில் குவிலென்ஸ் படம் வரைந்து அம்புக்குறி போட்டவள், தலையாட்டிக்கொண்டு எண்ணெய் விட்டாள். பஞ்சில் ஒட்டி வந்ததில் பாதி அந்த எண்ணெய்தான். அதை நினைக்க, நாற்றத்தைவிட அதிகமாகக் குமட்டியது.

கடைசியில் வளையம் ஒரே விரலுக்குச் சுழன்றது. ரப்பர் பட்டையைக் கழுவி உலர்த்தி மாட்டினாள்.

மோகன்குமார் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். கம்ப்யூட்டருக்கு, பிரிண்டருக்கு, ஜெராக்ஸ் மெஷினுக்கு என்று வைத்துக்கொண்டே வந்த விரல் லென்ஸை நோக்கி நீண்டது. தேவயானி லென்ஸைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இதுக்கு வேணாம்ணா."

"இன்னாது?"

"இடுக்குல பூந்து இறுக்கிக்குதுணா. வளைகாப்புல மாட்டுனது இதான்." அழுக்குப் பஞ்சை நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சாமி சந்தனத்தப் போயி அழுக்குன்றியா? நீ வுட்ட எண்ண அது."

"நீங்க சொல்லித்தான் வுட்டேன்."

"நான் சொன்னா? படிச்சவதான நீ?"

சுருக்கென்று தைத்தது. பொய்யில்லையே. "ஆமாணா. அதான் இப்ப சொல்றேன்."

"பொட்டு வெக்காம எதுவும் இந்தக் கடைய வுட்டு வெளிய போவாது."

"அப்ப மாகறலுக்கு நீங்களே போங்க."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. மூலையில் ஜெராக்ஸ் மெஷின் புதுப் பொட்டோடு நின்றது. ஆனாலும் லென்ஸை அவள் நீட்டவில்லை.

"பொம்பளதான் வோணும்னு சொல்லிக்கீறாங்க. நீ பொடவ கட்டிக்கினு போவியா?" என்றாள் பரிமளா புருஷனிடம். "கல்பூரம் அணையுது, வாய்யா!"

மோகன்குமார் சந்தனத்தைக் கேமரா பையின் மேல் அப்பினார். "பைக்கு வெச்சிட்டேன். போதுமா மேடம்? மாகறல்ல ஒரு படம் தப்பட்டும், அப்ப கீது உனுக்கு."

பொரியும் கடலையும் கொடுத்தார்கள். தேவயானி வாயருகே கொண்டுபோனாள். விரலில் அதே நாற்றம். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். அப்படியும் போகவில்லை. அருவருப்பு அந்தச் சந்தனத்தின் மேலா, முகத்தைத் திருப்பிக்கொண்ட மனுஷன் மேலா, கேள்வி கேட்காமல் எண்ணெய் விட்ட இந்தக் கையின் மேலா? அவளுக்கே தெரியவில்லை. பொரியைக் காகிதத்தில் மடித்து ஓரமாக வைத்தாள்.

வாசலில் நின்று கேமராவைக் கண்ணில் வைத்து வளையத்தைத் திருப்பினாள். தூரத்து பஸ்ஸின் 'வாலாஜாபாத்' பலகை சரசரவென்று பக்கத்தில் வந்தது. மூக்கைச் சுளித்தபடியே இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தாள்.