டூரெய்க்காக நான் கொடுத்த குரல்

மாடெரோவா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். நியூசிலாந்தில் எங்கள் மாவோரிக் குடியின் கூட்டக்கூடத்து வாசலில் விருந்தாளிகளைக் குரலெடுத்து அழைப்பவளும் அவள்தான். அவள் மகன் கெரெயாமாவைப் போதைப் பொடி கொன்றது. விற்றவன் டூரெய். சொல்லவே நாக்கு கூசுகிறது, அவன் என் அண்ணன் மகன்.

பயந்துபோய் ஊரே வாயைப் பூட்டிக்கொண்டது. மாடெரோவா மட்டும் ஜெபம் பண்ணிவிட்டு, ஆக்லாந்திலிருந்து வந்த படக்காரர்களின் கேமரா முன்னால் டூரெய் பேரைச் சொன்னாள். சனிக்கிழமை கூடத்தில் அந்தப் படத்தைப் போட ஏற்பாடு. சுவரில் மாட்டியிருக்கும் எங்கள் செத்தவர்களின் போட்டோக்களுக்குக் கீழே திரை கட்டினோம்.

அன்று மதியமே வந்துவிட்டான் டூரெய், தடிப்பயல். கூடவே அவன் கும்பல், முதுகில் சுறாமீன் போட்ட ஜாக்கெட், கையில் சுத்தியல்.

"திரையைக் கிழிக்காம போகமாட்டேன்!" என்று வாசலில் நின்று கத்தினான். ஆனால் காலை உள்ளே வைக்கவில்லை. அழைக்காமல் நுழைய அவனுக்கும் பயம். செத்துப்போன அவன் அம்மா விக்கிட்டோரியா போட்டோவும் அந்தச் சுவரில்தானே இருக்கிறது!

"கூப்பிடாதீங்க அக்கா. நாசமாப் போறவன் வெயில்லயே காயட்டும்," என்றேன்.

அவள் கேட்டால்தானே! வாசலுக்குப் போய்க் குரலெடுத்தாள். "விக்கிட்டோரியா மகனே, வா. உன்கூட வர்ற செத்தவங்களையும் கூட்டிட்டு வா."

எங்கள் வழக்கப்படி, வந்தவர்கள் பக்கமிருந்து ஒரு பெண் பதில் குரல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓர் அடி நகர முடியாது. இத்தனை தடியன்களைக் கூட்டி வந்த மடையன் ஒரு பொம்பளையைக் கூட்டி வரவில்லை. முழித்தான்.

மாடெரோவா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நானா? இவனுக்கா?"

"உன் ரத்தம்தானே. போ."

எனக்கு இஷ்டமே இல்லை. இருந்தாலும் போய் அவன் பக்கம் நின்றேன்.

"அத்தை..." என்று இளித்தான்.

"வாயை மூடு. சுத்தியலைக் கீழ போடு. எல்லாரும் போடுங்கடா!"

போட்டார்கள். வருகிறவர்களோடு அவர்களைச் சேர்ந்த செத்தவர்களும் வருவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை; பதில் குரலில் அவர்கள் பேரைச் சொல்ல வேண்டும். "கெரெயாமாவைக் கூட்டிட்டு வர்றோம்!" என்று தொண்டை கிழியக் குரல் கொடுத்தேன்.

"அத்தை, அந்தப் பேர் வேணாம்..."

"வேற யாருடா உன்கூட வர்றா?"

தலையைத் தொங்கப்போட்டு என் பின்னால் நடந்தான். வரவேற்க வரிசையில் நின்ற ஊர்க்காரர்களோடு எங்கள் வணக்கமுறைப்படி மூக்கோடு மூக்கு வைத்து, மூச்சைப் பகிர்ந்துகொண்டே வந்தான். கடைசியில் மாடெரோவா. அவளும் அவன் மூக்கோடு மூக்கு வைத்தாள். அவன் அழுதான். அழட்டும், எனக்கென்ன!

அவள் அவன் கையை விடவில்லை. இழுத்துக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்போ படத்தைப் போடுங்க," என்றாள்.