பனரில் இருந்த கடைப் பெயர்

சறோ அக்கா போய்விட்டா என்று அவவின் மகள் டெலிபோனில் சொன்னபோது நான் தொழிற்சாலைக் கன்ரீனில் சோற்றுப் பெட்டியைத் திறந்துகொண்டு இருந்தேன். "அன்ரி, அம்மா காலமை..." என்று தொடங்கிய பிள்ளை டெலிபோனை வைத்துவிட்டாள். பெட்டியை மூடிவிட்டு வேலைக்குப் போனேன். மணிக்கூட்டுக்குள் பூட்டுகிற சின்னத் திருகாணி ஒன்றும் அன்றைக்குக் கையில் நிற்கவில்லை. மேற்பார்வைக்காரி வந்து வீட்டுக்குப் போ என்றாள். நான் அக்காவின் கடைக்குப் போனேன். கதவு பூட்டிக் கிடந்தது. உள்ளே அக்கா நிற்கிறமாதிரித் தெரிந்து கையைக் காட்டினேன். கண்ணாடியில் தெரிந்தது நான்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கிற நினைவுப் புத்தகத்துக்கு ஏதாவது எழுதித் தாங்கோ என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். வேலை விட்ட பிறகு பின்னேரங்களில் அக்காவின் கடையில் நின்ற உரிமையில் கேட்டிருக்கிறார்கள். அக்கா எவ்வளவு நல்லவ, முருங்கைக்காய் வந்தால் ஆர் ஆருக்கு எடுத்து வைப்பா என்பதெல்லாம் மற்றவர்கள் எழுதுவினம். நான் பொங்கல் விழாக் கதையை எழுதுகிறேன். சுவிஸில் இந்தப் பீல் நகரத்தில் இருக்கிற நீங்கள் எல்லாரும் அங்கே இருந்தனீங்கள்.

தபால்பெட்டிக்குள் சும்மா வந்து விழுகிற அந்த ஜெர்மன் பேப்பர் உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுக்காரர் வேண்டாம் என்று எழுதுகிற பேப்பர். அது ஒருமுறை எங்களைப் பற்றி நல்லதாக எழுதியது. தமிழர் உழைப்பாளிகள், சத்தம் சந்தடி இல்லாதவர்கள், மற்ற வெளிநாட்டுக்காரர் இவர்களைப் பார்த்துப் பழகவேண்டும் என்று. அதை வெட்டிக் கோயில் மடத்துச் சுவரில் ஒட்டினார்கள். ஒருவன் எங்களைப் பற்றி ஒரு நல்ல சொல் சொன்னால் அவனைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்க்காமல் எங்களுக்கு மனம் ஆறாதே. பேப்பர் ஆசிரியரைப் பொங்கல் விழாவுக்குக் கூப்பிடுவதென்று சங்கத்தில் முடிவானது. பொன்னாடை வாங்கத் தலைவர் அக்காவின் கடைக்குத்தான் வந்தார்.

அக்கா அதே பேப்பரை எடுத்து வேறொரு பக்கத்தை விரித்தா.

"தலைவர், இதையும் வாசிச்சனீங்களோ?"

"அது அரசியல், அக்கா. எங்கடை பக்கம் மற்றது."

"உலகத்துப் பாங்கெல்லாம் யூதற்றை கையிலயாம். அகதியளை இங்கை கொண்டுவந்து இறக்கிறதும் அவையாம். இந்தத் தொற்று வருத்தத்தைப் பரப்பினதும் அவைதானாம்."

"அதுக்கு எங்களுக்கென்ன?"

"நான் கொழும்பிலை பிறந்தனான். சிங்களம் வாசிப்பன். கடையெல்லாம் தமிழன்ரை, யூனிவர்சிற்றி எல்லாம் தமிழன்ரை, பின்னால நிண்டு நாட்டை ஆட்டுறதும் தமிழன் எண்டு அவங்கள் எழுதினதையும் வாசிச்சனான். அப்பான்ரை கடை றோட்டிலை எரிய முதல் பேப்பரிலதான் எரிஞ்சது."

தலைவர் சிரித்தார். "அக்கா, இது சுவிஸ். பஸ் ஒரு நிமிசம் பிந்தினாலே மன்னிப்புக் கேக்கிற நாடு."

"ஓம். இங்கை எல்லாம் நேரத்துக்கு நடக்கும். அதுதான் எனக்குப் பயம்."

அக்கா பொன்னாடை விற்கவில்லை. விழாவுக்கு உதவி செய்கிற கடைகளின் பட்டியலில் இருந்து தன்ரை கடைப் பெயரை எடுத்துவிடச் சொன்னா. "ஓம் அக்கா, ஓம்" என்றுவிட்டுத் தலைவர் போனார். மேடைக்குப் பின்னால் கட்டுகிற பனர் அதற்கு முதலே அந்தப் பெயர்களோடு அடித்து வந்துவிட்டதாம். விழாவன்று அந்தப் பேப்பர் ஆசிரியர் பொன்னாடையோடு சிரித்துக்கொண்டு நின்றார். தலைக்கு நேர் மேலே அக்காவின் கடைப் பெயர். அடுத்த பேப்பரில் அந்தப் படம் பெரிதாக வந்தது. தமிழர் எங்களோடு நிற்கிறார்கள் என்று கீழே எழுதியிருந்ததை என் மகன் வாசித்துச் சொன்னான்.

கடைக்கு வியாழக்கிழமைகளில் ஒரு கிழவி வருவா. யூத மனுசி. மைசூர்ப் பருப்பு வாங்குகிறதால் எங்களுக்குப் 'பருப்பு மதாம்'. கத்தரிக்காயை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பா. "மதாம், மாப்பிளையோ பாக்கிறியள்?" என்று அக்கா பிரெஞ்சில் கேட்பா. "என்ரை வயசில மாப்பிளையையும் அமுக்கித்தான் பாக்கவேணும்" என்பா அவ. இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் பின்னால் சாமான் அறை வரைக்கும் கேட்கும்.

படம் வந்த கிழமை மதாம் கத்தரிக்காய்ப் பக்கம் போகவில்லை. பேப்பரை மேசையில் வைத்துப் பனரைத் தொட்டுக் காட்டினா. "இது உங்கடை கடைதானே?"

"ஓம்," என்றா அக்கா. "என்ரை கடைதான்."

மதாம் ஒன்றும் வாங்காமல் போனா. எனக்குப் பொறுக்கவில்லை. "நான் மாட்டன் எண்டனான் எண்டு ஏன் அக்கா சொல்லேல்லை?"

"பேர் என்ரைதானே. அதைக் கண்ணால கண்டபிறகு என்ரை வாயை ஏன் நம்பவேணும்?"

வாயால் சொல்லாததை அக்கா அந்தப் பேப்பருக்கு எழுதினா. என்னைக் கேட்காமல் என் கடைப் பெயரைப் பாவித்தார்கள், நீங்கள் எழுதுவது பொய் என்று. அவர்கள் அதைப் போட்டார்கள். அக்காவின் முழுப் பெயரும் கடை விலாசமும் போட்டு, இந்தத் தமிழ்ப் பெண்ணுக்குப் பின்னால் நிற்பது யார் என்றும் கேட்டார்கள். யார் என்று கேட்ட இடத்திலேயே அவர்களின் பதிலும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை கடை நிறைய ஆட்கள். மரக்கறிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், பெயர் எழுதவில்லை, "அக்கா, யூதன் எவ்வளவு தந்தவன்? எங்களுக்கும் ஒரு பங்கு வராதோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தா. அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது. தொழிற்சாலையில் மெஷின் நின்று சத்தம் அடங்குகிற நேரம் பார்த்து வரும். அது அக்காவின் சிரிப்பில்லை. அப்பான்ரை கடையில் நின்ற ஒரு சின்னப் பிள்ளை, வாசலில் வந்து நிற்கிற ஆட்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

அதற்குப் பிறகு சிலர் பேர்ண் நகரத்துக்குப் போய்ச் சாமான் வாங்கினார்கள். ஒருநாள் விடியக் கடைக் கண்ணாடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அக்கா என்னை வாசிக்க விடவில்லை. கத்தியால் சுரண்டிக்கொண்டே, "பசை கொழும்பிலை மணத்த அதே மணம்," என்றா. மதாம் திரும்பி வரவேயில்லை. அக்கா ஒருநாள் அவவின் வீட்டுக்குப் போனா. மதாம் கதவைத் திறந்து, இருத்தி, தேத்தண்ணியும் கொடுத்து, "நான் உங்களை நம்புறன். என்ரை பேரப்பிள்ளையள் படத்தைப் பாத்திட்டினம்," என்று சொன்னாவாம். திரும்பி வந்த அக்கா வெளிச் சட்டையைக் கழற்றாமலே நெடுநேரம் கல்லாவில் இருந்தா.

வருத்தம் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்காவுக்குச் சில வேளை எந்த ஊர் என்பது மாறிப்போகும். "வெளியில ஆர் நிக்கினம்?" என்று என்னைக் கேட்டா.

"ஒருத்தருமில்லை அக்கா. நேர்ஸ் பிள்ளை."

"ஷட்டரைப் பாதி இழுத்துவிடு. முழுக்க இழுத்தால் உள்ள ஆள் இருக்கெண்டு கண்டுபிடிச்சிடுவாங்கள்."

நான் எழும்பிப் போய் ஜன்னல் சீலையைப் பாதி இழுத்துவிட்டேன்.

செத்தவீட்டுக்கு மதாம் வந்திருந்தா. கடைசி வரிசையில், தனிய. ஆர் என்று தெரியாததால் ஒருவரும் பக்கத்தில் போகவில்லை. நான் போய் இருந்தேன். தலைவர் பேசினார்: "எல்லாரோடையும் ஒத்துப்போன அம்மா. சங்கத்தின்ரை எந்த முடிவுக்கும் ஒரு சொல்லு மாறிக் கதைச்சதில்லை."

"என்ன சொல்லுறார்?" என்று மதாம் என் காதுக்குள் கேட்டா.

என்னுடைய பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு. அதை வைத்துச் சொன்னேன்: "அந்த மனிசனைக் கூப்பிட வேண்டாமெண்டு சொன்னது இவ ஒராள்தானாம். தாங்கள் கேக்கேல்லையாம். பேரை எடுக்கச் சொன்னவவாம். எடுக்கேல்லையாம்."

"அவரே சொல்லுறாரோ?"

"ஓம்."

மதாம் தலைவரை நெடுநேரம் பார்த்தா. பிறகு தலையைக் குனிந்து மரியாதை செய்தா. ஏன் என்று தெரியாமல் தலைவரும் மேடையில் நின்று கைகூப்பினார்.

அக்காவிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது அவவின் பயத்தை. தமிழர் நல்லவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போது உச்சி குளிருவதில்லை, முதுகுதான் குளிருகிறது. அடுத்ததாக யாரைக் கெட்டவர் என்று சொல்லப்போகிறார்கள் என்று காது கொடுத்துக்கொண்டு நிற்கிறேன்.

தலைவர் அண்ணை, இந்தப் புத்தகம் உங்கள் கைக்கும் வரும். நீங்கள் சொன்னதாக நான் சொன்னது இதுதான். மதாம் உங்களை றோட்டில் கண்டு கை தந்தால், அப்படிச் சொல்லவில்லை என்று மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.