நாலாம் நம்பர் ஹைலோடர்

சன்னாசி அண்ணனைத் திட்டாமல் அவரைப் பற்றிப் பேச எனக்கு வராது. மலேசியாவில் லிங்கி ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே வரிசை. ஒரே வேனில்தான் விமான நிலையத்துக்கு வேலைக்குப் போவோம். நேரிலேயே திட்டியிருக்கிறேன், இப்போதும் திட்டுகிறேன்.

அவர் ஓட்டியது ஹைலோடர். டீசல் எஞ்சின் உறுமும் பெரிய வண்டி. அதன் இரும்புத் தளத்தில் சரக்கை ஏற்றி, விமானத்தின் கதவு உயரத்துக்குத் தூக்கி, உருளைகள் மேல் உள்ளே தள்ள வேண்டும். எங்கள் கம்பெனியின் நாலாம் நம்பர் வண்டிக்கு ஒரு வியாதி இருந்தது. பாரம் ஏறினால் தூக்கிய தளம் நின்ற இடத்தில் நிற்காது, மெல்ல மெல்ல இறங்கும். சன்னாசி அண்ணன் லீவரை விட்டுக் கையை எடுக்கவே மாட்டார். தளம் இறங்க இறங்க, தட்டித் தட்டி மேலே நிறுத்துவார். கூட வேலை செய்த நான் அதை அவருடைய கைப்பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். கீழே எண்ணெய் சொட்டினால் சூப்பர்வைசர் மரத்தூள் போடச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

வண்டியின் கோளாறை யாரிடமும் சொல்லாமல் ஏன் மறைத்தார்? தோட்டத்துப் புத்தி, வேறென்ன. முன்பு அவர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டியவர். அங்கே வண்டி பழுது என்று வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோரிடம் வாயைத் திறந்தால், வண்டி பட்டறைக்குப் போகாது. மறுநாள் வேறொருவன் கைக்குப் போகும். பழுது சொன்னவன் வெயிலில் குலை தூக்கப் போவான். அதனால் பிரேக் பிடிக்காத டிராக்டரைக்கூட மேட்டில் கட்டை போட்டு நிறுத்தி ஓட்டி, கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கினார். தோட்டத்து வேலையை விட்டும் அந்தப் பயம் அவரை விடவில்லை.

போன வருஷம் தோட்டத்துக் கோயிலில் தீமிதி. கரகம் எடுப்பவர் அவர்தான், அதற்காக லீவு போட்டார். நானும்தான். அன்றைக்கு நாலாம் நம்பரில் சுகுமாறன் ஏறினான். அண்ணனின் மனைவி மாதவி அக்காவின் தம்பி. அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அண்ணன்தான். சொந்த மச்சானிடம்கூட வண்டியின் வியாதியை இந்த மனுஷன் சொல்லவில்லை.

சுகுமாறன் தளத்தை உயர்த்தினான். லீவரை விட்டான். எல்லாரும் அப்படித்தானே செய்வார்கள்? சரக்கு பாதி உள்ளே போயிருந்தபோது தளம் இறங்கிச் சாய்ந்தது. அத்தனை பாரமும் பின்னால் உருண்டு வந்து அவன் காலை நசுக்கியது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கம்பெனிக்குப் பதில் தயாராக இருந்தது. இத்தனை வருஷம் சன்னாசி ஓட்டிய வண்டி, ஒரு புகாரும் இல்லை, ஆகவே பையனின் கவனக்குறைவு. விசாரணையில் சன்னாசி அண்ணன் வந்து ஆமாம் என்றிருந்தால் போதும். சுகுமாறனுக்குக் காலும் போய், வேலையும் போய், பழியும் சேர்ந்திருக்கும்.

விசாரணைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். போகும் வழியில், வேனில் வைத்துத்தான் என்னிடம் உண்மையைச் சொன்னார்.

"சொன்னா என் வேலை போயிரும் தம்பி. சமாளிச்சிக்கலாம்னு நாந்தானே மறைச்சேன்."

வேனில் ஆள் இருக்கிறது என்றும் பார்க்காமல் கத்தினேன். "அவனுக்குக் காலே போச்சு. நீங்க வேலைய நெனச்சுப் பயப்படுறீங்களா?"



விசாரணை அறையில், மரத்தூள் போடச் சொன்ன அதே சூப்பர்வைசர் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். வண்டியில் கோளாறு உண்டா என்று அதிகாரி கேட்டார். சன்னாசி அண்ணனின் வலது கை மேசை விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"இருந்துச்சு சார். எறங்க எறங்க நாந்தான் தட்டி நிறுத்திக்கிட்டிருந்தேன். என் மச்சான்கிட்ட சொல்லல. அவன் மேல தப்பு இல்ல."

சூப்பர்வைசர் கூரையைப் பார்த்தார்.

சுகுமாறன் மேல் இருந்த பழி நீங்கியது. கோளாறை மறைத்ததற்காக சன்னாசி அண்ணனை வேலையை விட்டு அனுப்பினார்கள். சூப்பர்வைசர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். அந்த எண்ணெய் அவர் கண்ணில் படவே இல்லையாம். கேட்க ஆளில்லை.

மெக்கானிக் வந்து நாலாம் நம்பரைப் பிரித்தான். தேய்ந்துபோன ஒரு ரப்பர் வளையத்தைக் கழற்றி எறிந்து புதிதாக ஒன்றைப் போட்டான். காலைத் தேநீருக்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது.

இப்போது அந்த வண்டி என்னிடம். முதல் நாள் பாரத்தை ஏற்றி, மேலே உயர்த்தி, லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். நின்ற இடத்திலேயே நின்றது. எனக்கு அதை அடித்து நொறுக்க வேண்டும்போல இருந்தது.