துளசிராமின் சோப்பு டப்பா

லாரி ஏற்றத்தில் திணறும்போது துளசிராம் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்வார். ஆனையூரில் உள்ள அவரது லாரி பழுதுபார்க்கும் பட்டறைக்கு யார் வந்தாலும் ஒரே பேச்சுதான்: "சரக்கோட வாங்கண்ணே. காலி வண்டி பொய் சொல்லும்."

இன்று திருவாதவூர் நெல் மூட்டைகளோடு வந்த லாரி டிரைவர் மலையாண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து மேம்பாலம் ஏறினார். கறுப்புப் புகை கக்கியதே தவிர, வண்டியில் இழுவை இல்லை. பட்டறைக்குத் திரும்பி இறங்கியதும் சூடு பார்க்கும் துப்பாக்கியைப் புகைக்குழாய்க்கு நேராகப் பிடித்தார். "ஆத்தி, இம்புட்டுச் சூடா!"

 பதினொரு வருடமாக மலையாண்டி பிள்ளை போலப் பார்த்து ஓட்டும் வண்டி. "நீ வெரட்டி ஓட்டித்தான் டர்போ போச்சு. வேற டிரைவர் பாத்துக்கிறேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்ட முதலாளி சிவக்குமார், கையைக் கட்டிக்கொண்டு பட்டறை வாசலில் நின்றிருந்தார்.

துளசிராம் ஸ்பானரைத் தொடவே இல்லை. சூடு தணியட்டும் என்று காத்திருந்து, ஒரு பழைய டப்பாவைத் திறந்தார். வீட்டில் தேய்ந்துபோன சோப்புத் துண்டுகளையெல்லாம் மனைவி சீதாலட்சுமி அதில்தான் சேர்த்துக் கொடுப்பார். "எங்க வீட்ல பாதி சோப்புல லாரிதாண்ணே குளிக்குது" என்றபடி சோப்பு நுரையைச் சவரப் பிரஷ்ஷால் எஞ்சின் குழாய்கள்மேல் பூசி, குழாய்க்குள் கம்ப்ரசர் காற்றைச் செலுத்தினார். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து போகும் ரப்பர் குழாயின் அடியில், காற்று கசிந்து நுரை கோலிக்குண்டு அளவுக்குப் புடைத்தது.

அங்கே கையை விட்டவர் சற்று நிதானித்தார். கம்பியில் கட்டிய செப்புத் தகடு. கண்ணேறு படாமல் இருக்க, கருப்பசாமி கோயிலில் மந்திரித்து வாங்கி மலையாண்டிதான் எஞ்சினை ஒட்டிக் கட்டியிருந்தான். அதன் முனை உரசி உரசிக் குழாயைக் கிழித்துவிட்டது. மலையாண்டி வாசலில் நின்ற முதலாளியைத் திரும்பிப் பார்த்தான்.

துளசிராம் நிமிர்ந்தபோது தகடு அவர் சட்டைப்பைக்குள் போயிருந்தது.

"டர்போ நல்லாத்தாண்ணே இருக்கு. குழா கிழிஞ்சு எஞ்சினுக்குக் காத்து பத்தல. டீசல் முழுசா எரியாம, பொகையும் சூடுமாப் போகுது."

"இவன் ஓட்டுனதுதான காரணம்?" என்றார் சிவக்குமார்.

"ஓட்டுனதுல ஒரு தப்பும் இல்ல. பதமா ஓட்டியாந்ததாலதான் எஞ்சினே தப்பிச்சுச்சு."

சிவக்குமார் மலையாண்டியைப் பார்த்தார். "சரி, குழா மாத்துனதும் நீயே எடுத்துட்டு வா" என்று பைக்கைக் கிளப்பினார்.

மலையாண்டி உடைந்துபோனான். "துளசிண்ணே... சாகுற வரைக்கும் மறக்க மாட்டேண்ணே."

 துளசிராம் அரத்தை எடுத்து, சட்டைப்பையிலிருந்த தகட்டின் நான்கு முனைகளையும் மழுங்கத் தேய்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கேபினில் ஏறி, ஸ்டியரிங்குக்கு எதிரே, எதிலும் உரசாத இடமாகப் பார்த்துக் கட்டினார்.