ஒன்பதுக்கு எட்டு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் நாக்கக்கா. கெடாமலிருக்கக் கதிர்வீச்சு கொடுத்து மூன்று மாதம் குளிர் அறையில் வைத்த ஆரஞ்சைத் தின்று பார்த்து, ஒன்பதுக்கு இத்தனை என்று மார்க் போடுவாள். பதினெட்டு வருஷமாக அதே வேலை. கேட்கிறவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். ஊறட்டும். பழத்தட்டை நீட்டுகிற எனக்குத்தான் அவள் படும் பாடு தெரியும்.

போன வருஷம் வந்த காய்ச்சலில் அவளுக்கு வாசனையும் ருசியும் அடியோடு போய்விட்டன. வீட்டுக்காரர் படுத்த படுக்கை, மகள் படிக்கிறாள், வேலையை விட முடியுமா? என்னிடம் மட்டும் சொன்னாள். கதிர் அதிகம் பட்ட பழத்தின் தோலில் பழுப்புக் குழி விழும், அழுத்தினால் அமுங்கும். அதை வைத்தே மார்க் போட்டு ஒப்பேற்றினாள்.

பிறகு புது அதிகாரி வந்தார். நல்ல மனுஷன், அதுதான் வினையே. தோலைப் பார்த்தால் மார்க் போடுகிறவர் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். அவரே உரித்து, சுளையை மட்டும் தட்டில் வைப்பார். ருசி பார்க்க அலமாரி அகலத்தில் ஒரு அறை, உள்ளே சிவப்பு பல்பு. அந்த வெளிச்சத்தில் எல்லாச் சுளையும் ஒரே நிறம். நாக்கக்கா எல்லாவற்றுக்கும் எட்டு போட்டாள்.

அதிகாரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கதிர்வீச்சால் ருசி கெடவில்லை என்று அறிக்கை அனுப்பினார், பழம் கப்பலேறியது. மிச்சத்தில் நாலு பழத்தை அவளிடமே கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலை அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "மக வாயில வச்சதுமே துப்பிட்டாடி. மருந்து மாதிரி கசக்குதாம். அதுக்குப் போயி எட்டு போட்டிருக்கேன்."

நேரே அதிகாரி அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"சார், எனக்கு ருசியே தெரியாது. ஒரு வருஷமா தெரியாது. அந்த மார்க் பூரா பொய்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "அறிக்கையில என் கையெழுத்து இருக்கும்மா. வெளிய தெரிஞ்சா ரெண்டு பேர் வேலையும் போயிடும்."

"அப்ப என்னை விட்டுடுங்க சார். உடம்பு முடியலன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போறேன்."

"உங்க இடத்துக்கு வேற ஆள் வந்தா, அவங்களுக்கு ருசி தெரியுமே!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். எனக்கும் வேலை வேண்டும்.

பதினோரு மணிக்குச் சிவப்பு பல்பு எரிந்தது. அடுத்த கப்பலுக்கான சுளைகளை அந்த அறையின் சின்ன ஜன்னல் வழியாக அவளிடம் தள்ளினேன். ஒரு சுளை திரும்பி வந்தது.

"நீ தின்னு பாத்து சொல்லுடி. எப்படி இருக்கு?"

வாயில் போட்டேன். குமட்டியது. பின்னால் அதிகாரி நின்றிருந்தார்.

"நல்லா இருக்குக்கா" என்றேன்.

உள்ளே பேனா எழுதும் சத்தம் கேட்டது.